ஆட்சேபணை இல்லை

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கௌசர் அந்தத் தாளை என் மேசையில் வைத்தாள்.

புது வக்காலத்து. கட்சிக்காரர் மாதம்மாள், வயது இருபத்தொன்று, மலைமேல் நெல்லிவாசல்நாடு. வக்கீல் பெயர் எழுதும் இடத்தில் கௌசரின் பெயர். அதற்குக் கீழே இரண்டு அங்குலம் காலியாக விட்டிருந்தாள். வழக்கு கைமாறும்போது பழைய வக்கீல் அந்த இடத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய வக்கீல் நான்.

மாதம்மாள் கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுத்துகள் பெரிதாக, கோட்டை விட்டு மேலே ஏறிப்போயிருந்தன. இடது கை எழுத்து. மூன்று வருடம் முன்பு என்னுடைய வக்காலத்தில் அவள் வைத்தது பெருவிரல் ரேகை. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன, எழுத வராது என்று நானே மைப்பெட்டியை நீட்டினேன். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

"காரணம்?" என்றேன்.

"அவ சொல்லுவா மேடம். நான் சொல்றதுக்கில்ல."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

வயிறு எரிந்தது. இதற்கு வேறு வார்த்தை தேடிப் பயனில்லை.

கௌசருக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பத்தொன்பது. ஆனால் அவள் வக்கீலாகப் பதிவு செய்து நான்கு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பு வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்தாள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுச் சட்டம் படித்தவள். கோர்ட்டில் கறுப்பு அங்கியை இன்னும் புதுத்துணி போலத் தடவித் தடவிச் சரிசெய்வாள். வாதாடும்போது குரல் தாழ்ந்துவிடும். சட்டப் பிரிவுகளைக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். இவளைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் இருபத்துநான்கு வருடமாகத் திருப்பத்தூரில் வக்கீல். பஸ் சக்கரத்தில் கால் போனவர்கள், தோல் பதனிடும் ஷாப்பு டிரம்மில் கை போனவர்கள், சித்தப்பனிடம் சிக்கிய பெண்கள், புருஷன் ஊற்றிய ஆசிட்டில் முகம் போனவள். இவர்கள்தான் என் கட்சிக்காரர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ முதலாளிக்கோ நான் ஆஜரானதில்லை. ஆனால் என் பெருமை அதுவல்ல. டாக்டரிடமும் போலீசிடமும் பெற்றவளிடமும் சொல்லாததை என்னிடம் சொல்வார்கள். நான் கேள்வி கேட்பதில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். சிலருக்கு ஐந்து நிமிடம். சிலருக்கு மூன்று நாள். எப்படியும் வாய் திறந்துவிடும்.

மாதம்மாள் இருபது நிமிடத்தில் சொன்னாள். ஈரோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. சந்திரன் என்கிற ஏஜென்ட் மலையிலிருந்து பதினோரு பெண்களை அழைத்துப்போனான். அவர்களைப் பார்த்துக்கொள்ள விடுதியிலேயே தங்கினான். அவளுக்கு அப்போது பதினேழு வயது. மெஷினைத் துடைக்கும்போது துப்பட்டா சிக்கி, கை உள்ளே போனது. அவள் சொன்னதை நான் நஷ்டஈட்டு மனுவில் எழுதினேன். மில் தரப்பில் அது அவளுடைய கவனக்குறைவு என்றார்கள். வேலூரில் தொழிலாளர் ஆணையர் முன்னால் வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் அவளைக் குறுக்கு விசாரணை செய்யப்போகிறார்கள். இந்த நேரத்தில்தான் கௌசர் வந்திருக்கிறாள்.

மாதம்மாளை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். பிடித்தீர்கள் என்ற சொல்லைக் கௌசர் பொருட்படுத்தவில்லை. அவர்கள் வீட்டுக்கு வருடா வருடம் மலைப்புளிதானாம். புளி வாங்கப் போன இடத்தில் மாதம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாளாம்.

"யாரக் கேட்டு ஊருக்குள்ள போனீங்க?"

"யாரையும் கேக்கல மேடம். கேக்கணுமா இன்னா?"

கேட்க வேண்டும். மலையில் வெளியாள் முதலில் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். செருப்பை வாசலில் விட்டு, கொடுக்கிற தண்ணீரைக் குடித்து, வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். யாரைப் பார்க்க வேண்டுமோ அவரை ஊர்க்கவுண்டர் ஆள் விட்டு அழைப்பார். பேச்சு அந்த வீட்டில்தான். நான் வக்கீலான இரண்டாவது வருடம் இது தெரியாமல் நேராக ஒரு வீட்டுக்குள் போய்விட்டேன். ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அதன்பிறகு ஒருமுறைகூட நான் முறை தவறியதில்லை. சட்ட உதவி முகாம்களில் என்னை இதற்காகவே பேசக் கூப்பிடுவார்கள்.

கௌசர் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நான் கையெழுத்துப் போடாவிட்டால் மனு போட்டு அனுமதி வாங்கலாம், ஆனால் அதில் தனக்கு இஷ்டமில்லை என்றாள். மாதம்மாள் வாயால் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எழுந்தவள் கதவருகே நின்றாள்.

"ஒண்ணு மட்டும் மேடம். மேல போனா நேரா அவகிட்டயே போங்க. ஊர்க்கவுண்டர் வூட்டுக்குப் போவாதீங்க."

"ஏன்?"

"அதையும் அவதான் சொல்லணும்."

அவள் போனபிறகு என் குமாஸ்தா ஜீவானந்தம் உள்ளே வந்து வக்காலத்தைப் புரட்டிப் பார்த்தார். பதினெட்டு வருடமாக என்னோடு இருப்பவர். புளி வாங்கப் போன இடத்தில் கேஸ் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், நாமும் நாளைக்கு மிளகாய் வாங்கப் போகலாம் என்றார். நான் சிரிக்கவில்லை.

"வுடுங்க மேடம். கேஸ்தான போவுது. வூட்டுக்காரரா போறாரு?"

வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு நான் இவ்வளவு எரியவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் புதூர்நாடு போனேன். அங்கிருந்து ஷேர் ஜீப். மாசி மாதம். கூரையில் காலிச் சாக்குகள், உள்ளே பதினான்கு பேர். டிரைவர் வெற்றிவேல் என்னை அறிந்தவன். முன் சீட்டில் இருந்த கிழவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தான். எப்போதும் அப்படித்தான். வழியில், போன மாதம் புளி வாங்க ஒரு பாயம்மா வந்ததைச் சொன்னான். முன்னால் இடம் கொடுத்தும் உட்காரவில்லையாம். பின்னால் சாக்கு மேல் உட்கார்ந்து, பொம்பளைகளோடு கதை பேசிக்கொண்டு வந்தாளாம்.

"வளைவுல ஒருதபா சாக்கோட உருண்டுட்டாங்க. ஜீப்பே சிரிச்சிது."

இருபத்துநான்கு வருடமாக இந்த ஜீப்பில் ஏறி இறங்குகிறேன். நான் வந்தால் உள்ளே பேச்சுக் குறையும். மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் முனையில் இறங்கினேன். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் இறங்கினால் மாதம்மாளின் வீடும் கொல்லையும். வலது பக்கம் ஏறினால் ஊர்க்கவுண்டர் மாதையன் வீடு. கொஞ்ச நேரம் நின்றேன். மலைக்கு எப்படிப் போக வேண்டும் என்று நான்கு வருட வக்கீல் எனக்குச் சொல்லித்தருகிறாள். வலது பக்கம் ஏறினேன். அவள் போகாதே என்றதால் போனேன்.

மாதையன் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டார். அறுபது தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். அவர் மனைவி மங்கம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். அந்த வீட்டில் எனக்கு ஒரு பாய் உண்டு, விரித்தார்கள். மூன்று வருடம் முன்பு மாதம்மாளை உட்கார வைத்து நான் வாக்குமூலம் எழுதியது அந்தப் பாயில்தான். அப்போது மங்கம்மாள் அவளை ஒட்டி உட்கார்ந்து, தலையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். மாதம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். கூச்ச சுபாவம், ஊர் ஆதரவாக இருக்கிறது என்று என் குறிப்பேட்டில் எழுதினேன்.

மாதையன் பக்கத்து வீட்டுப் பெரியம்மாளை அழைத்து, மாதம்மாளைக் கூட்டிவரச் சொன்னார். காத்திருந்தோம். மங்கம்மாள் எதிரே உட்கார்ந்து கேஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். காத்திருப்பதுதானே என் தொழில்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு வக்கீல் வந்து மாதம்மாளைப் பார்த்துப் போகிறாளே, ஊருக்குத் தெரியுமா என்று கேட்டேன். முறையில்லாமல் வந்துபோகிறாள் என்பதை மாதையன் கேட்டுக் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஊரே அவளை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். மங்கம்மாள்தான் பேசினாள்.

"புளி வாங்க வந்ததே, அதுவா?"

"புளியில்ல. கேஸ வாங்க. என்கிட்ட சொல்லாத எதையோ அவகிட்ட சொல்லியிருக்கா. புதுசா எழுதப்போறாங்களாம்."

மங்கம்மாள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சொம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

பெரியம்மாள் தனியாகத்தான் வந்தாள். மூச்சு வாங்கியது. சொல்லலாமா என்று மாதையனைப் பார்த்தாள்.

"வரலியாம். வேணும்னா புளியமரத்தாண்ட வரச் சொல்லுது."

அந்த வீட்டிலிருந்து ஆள் விட்டு அழைத்து யாரும் வராமல் இருந்ததில்லை. மாதையன் எங்கோ பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மாதம்மாள் மரத்தடியில் கோணிமேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டைக் கல். வலது கையில் மிச்சமிருந்த கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் புளியம்பழத்தைப் பிடித்து, இடது கையிலிருந்த கொட்டாப்புளியால், மரச்சுத்தியால், தட்டினாள். ஓடு தெறித்தது. பழத்தைக் கூடையில் போட்டாள். வேகமாக இருந்தாள். என்னைப் பார்த்து, வாங்க வக்கீலம்மா என்றாள். எழுந்திருக்கவில்லை. இன்னொரு சாக்கைத் தள்ளிவிட்டாள்.

சாக்கில் உட்கார்ந்தேன். சேலையில் புளி ஓடு ஒட்டியது. பேனாவை எடுக்கவில்லை. காத்திருந்தேன். அவள் பழம் பழமாக உடைத்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் இருக்கும். இந்த முறை நான்தான் முதலில் பேசினேன்.

கௌசர் நல்ல பெண்மணி, ஆனால் அனுபவம் போதாது என்றேன். மில் தரப்பு வக்கீல் முப்பது வருடம் பழுத்தவர், அவர் முன்னால் அவளுக்குக் குரலே எழும்பாது என்றேன். எதை மாற்ற வேண்டுமானாலும் நானே மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். இவை எல்லாம் உண்மை. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தோத்துடுவா, மாதம்மா."

"தோத்தா தோத்துட்டுப் போறோம்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. பார்த்துவிட்டு எழுந்து, சிக்னல் கிடைக்கும் பாறைப்பக்கம் போனாள். சொல்லுங்கக்கா என்றது கேட்டது. நான் அவளுக்கு வக்கீலம்மா. மூன்று வருடமாக வக்கீலம்மா. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு ஊனச் சான்றிதழ் வாங்கித் தந்தவள் நான். வேலூருக்கு ஒன்பது வாய்தாவுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஒருதடவைகூட அக்கா என்று சொன்னதில்லை.

பாறைப்பக்கம் அவள் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமாக. அவள் சிரித்து நான் கேட்டதில்லை. முன்பல் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறியிருப்பதையே அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முதல்நாள் வந்தப்ப நானும் ஒடைக்கறேன்னு உக்காந்தாங்க. ரெண்டாவது தட்டுலயே பெருவெரல நசுக்கிக்கினாங்க. நகம் கறுத்துப்போச்சி. அது இப்பதான் வுழுந்துச்சாம். பொட்டலம் கட்டி அனுப்பட்டுமான்னு கேக்கறாங்க."

அன்றைக்குச் சாயங்காலம்வரை கௌசர் அங்கேயே உட்கார்ந்து உடைத்தாளாம். வக்கீல் என்றே சொல்லவில்லையாம். கையைப் பார்த்து, குளிருக்கு வலிக்குமா என்று மட்டும் கேட்டாளாம்.

"அப்ப சொன்னேன்," என்றாள் மாதம்மாள்.

"என்கிட்டயும் சொல்லு."

அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். துப்பட்டா சிக்கவில்லை. மில்லுக்குள் துப்பட்டா போட விடமாட்டார்கள், அன்றைக்கு அவள் போட்டிருக்கவுமில்லை. விடுதியில் வார்டன் இல்லாத நாட்களில் சந்திரன் தன்னை என்ன செய்தான் என்று சொன்னாள். நான்கு மாதம். ஐந்தாவது மாதம், சூப்பர்வைசரிடம் சொல்லப்போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டாள். மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில், மற்றவர்கள் வெளியே போய்க்கொண்டிருந்தபோது, அவன் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"கை தவறல. அவன் மணிக்கட்டப் புடிச்சிகினு இருந்தான்."

மில்களில் துப்பட்டா போட விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வேறு இரண்டு வழக்குகளில் அதை வைத்தே வாதாடியிருக்கிறேன். இவள் துப்பட்டா என்று சொன்னபோது எழுதிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் வாய் திறந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

அவள் தலையைத் தூக்கினாள்.

"மங்கம்மா யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஊர்க்கவுண்டர் சம்சாரம்."

"சந்திரனோட அக்கா. கூடப்பொறந்த அக்கா."

அவள் அடுத்த பழத்தை எடுத்துக் கல்மேல் வைத்தாள்.

"எந்தலய நீவி விட்டாங்களே. நீவிக்கினே காதுல சொல்லிக்கினு வந்தாங்க, இன்னா சொல்லணும்னு. அதத்தான் நான் சொன்னேன். நீங்க அதத்தான் எழுதினீங்க."

மேலே ஊரில் யாரோ ஆட்டை அதட்டினார்கள். மாதையன் வீட்டுக் கூரை அங்கிருந்து தெரிந்தது. யார் யாருக்கு என்ன உறவு என்று நான் எல்லா வழக்கிலும் முதலில் கேட்பேன். அந்த வீட்டில் கேட்கவில்லை. அங்கே தண்ணீர் குடிப்பவர்கள் அப்படிக் கேட்பது முறையில்லை.

அவள் கையில் கொட்டாப்புளி அந்தரத்தில் நின்றது.

"இப்பவும் அந்த வூட்ல இருந்துதான வர்றீங்க. கௌசரக்காவப் பத்தி எதுனா பேசினீங்களா?"

பொய் சொல்லலாம். சொன்னால் அவளுக்குத் தெரிய ஒருநாள் ஆகும்.

"பேசினேன்."

"யாராண்ட?"

"மங்கம்மாகிட்ட."

"இன்னான்னு?"

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவள் கொட்டாப்புளியைக் கல்மேல் வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. சந்திரன் இப்போது ஆலங்காயத்தில் இருக்கிறான், பைக்கில் ஒன்றரை மணி நேரம் என்று சொன்னாள். பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள். பிறகு எழுந்து பள்ளத்தில் புளி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கும்பிடவில்லை. இருவரும் வீட்டுக்குப் போய் ஒரு துணிப்பையோடு வந்தார்கள். வெற்றிவேலின் ஜீப் இன்னும் போயிருக்காது, அதில் இருவரும் இறங்கிவிடலாம் என்றாள் மாதம்மாள்.

"எங்க வூட்டுக்கு வாங்க," என்றேன். "திருப்பத்தூர்தான். பக்கம். எத்தன நாள் வேணும்னாலும் இருக்கலாம். போலீஸ்ல சொல்லிப் பாதுகாப்பு கேக்கறேன்."

"வேணாம் வக்கீலம்மா. அக்கா வூட்டுக்கே போறோம்."

நான் செய்துவைத்த காரியத்தால் இரண்டு பேர் கூடையைப் போட்டது போட்டபடி ஊரைவிட்டு இறங்குகிறார்கள். அந்த நேரத்திலும் எனக்கு வலித்தது அக்கா வீடு என்பதுதான்.

பையிலிருந்து வக்காலத்தை எடுத்தேன். அவள் புளி உடைத்த கல்லைத் துடைத்து, அதன்மேல் வைத்து, அந்த இரண்டு அங்குலத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். நீட்டினேன். அவள் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. பெரிதாக எதையோ கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

பாதையில் ஏறும்போது அம்மா முன்னால் வேகமாகப் போனாள். மாதம்மாள் நின்றாள்.

"இது மட்டும் போறாது வக்கீலம்மா."

என்ன என்றேன்.

அவள் சொன்னது எனக்குத் தெரியாதது இல்லை. அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குறுக்கு விசாரணையில் மில் வக்கீல் அந்தப் பழைய வாக்குமூலத்தை எடுப்பார். அன்றைக்குத் துப்பட்டா என்று சொன்னாய், இன்றைக்கு ஏஜென்ட் என்கிறாய், எது பொய் என்று கேட்பார். கீழே பெருவிரல் ரேகை அவளுடையது. அதை எடுத்து எழுதியவள் நான். எங்கே வைத்து எழுதினேன், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று நான் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் அவளை நம்புவார்கள். சொன்னால், மலையிலிருந்து நான் எழுதிக்கொண்டுவந்த எல்லா வாக்குமூலத்தையும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் தோண்டுவார்கள். எத்தனை பாயில், எத்தனை வீட்டில் என்று கேட்பார்கள். எனக்கே அந்தக் கணக்குத் தெரியாது.

"கௌசர் கேக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. அக்கா கேக்கவே கூடாதுன்னாங்க. பெரிய வக்கீலு, அவங்க மனசு நோவும்னாங்க. நாந்தான் கேக்கறேன்."

கௌசர் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள். அதையும் அவளே செய்திருக்கிறாள்.

மேலே வெற்றிவேல் ஹாரன் அடித்தான். அம்மா ஜீப்பில் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டுக் காலியாக இருந்தது. மாதம்மாள் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மங்கம்மாவ எம்பக்கத்துல உக்கார வெச்சித்தான் அத எழுதினேன்னு, கோர்ட்ல அத்தினி பேருக்கும் முன்னாடி சொல்லுவீங்களா?"